இரண்டாவது பெர்த்

ஒருவரை நாள் தவறாமல் நினைத்துக்கொண்டே இருந்தும், அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட முடியுமா? புத்தகத்தில் படித்திருந்தால் இதை வார்த்தை விளையாட்டு என்று ஒதுக்கியிருப்பேன். எங்கள் பக்கத்து வீட்டுக் கமலவேணியின் வாழ்க்கை அப்படி ஒதுக்க விடவில்லை.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே வீட்டுக்கு ஒருவராவது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பார். கமலவேணியின் கணவர் செங்கோடன் டிரைவராகப் போனவர். பிறகு ஒரு வண்டியில் பங்குதாரர் ஆனார். மழை பிடித்தால் வண்டிகள் ஊர் திரும்பும், மழை விட்டதும் கிளம்பிவிடும். ஆகவே கமலவேணியின் கல்யாண வாழ்க்கை மழைக்காலங்களில் நடந்தது. மற்ற மாதங்களில் கணவர் என்பது ஒரு குரல். முதலில் கடைவீதி டெலிபோன் பூத்தில் காத்துக் கிடந்து கேட்ட குரல், பிற்பாடு முந்தானையில் முடிந்து வைத்திருந்த செல்போனில் வந்த குரல். ஒரு நாள்கூட அந்தக் குரல் வராமல் இருந்ததில்லை. செங்கோடனைப் பற்றி என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே மகள் அன்புச்செல்வியை வளர்த்து கோபியில் கட்டிக் கொடுத்தார் கமலவேணி. கை கால் விழுந்து கிடந்த மாமனாரைக் கடைசிவரை பார்த்தார். எருமை வைத்திருந்தார். இதையெல்லாம் தியாகம் என்று எழுத எனக்கு மனமில்லை. இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்ததுதான். அவரும் செய்தார், பல நாள் அலுத்துக்கொண்டு, மாமனாரைக் காதுபட வைதுகொண்டு.

வண்டி வடக்கே கிளம்புகிற சமயங்களில் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். சீசன் முழுமைக்கும் வேண்டிய மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, குழம்புப் பொடி எல்லாவற்றையும் வறுத்து அரைத்து டப்பா டப்பாவாக அடைப்பார். தெருவே தும்மும். "எங்கியோ தெரியாத காட்டுல கெடக்கறாங்க. சோறாவது நம்மூட்டு ருசியா இருக்கட்டும்" என்பார். ரிக் வண்டியோடு போகிற கேம்ப் சமையல்காரருக்கு அந்தப் பொடிதான் கைகொடுத்தது. ராய்ப்பூர், ஜபல்பூர், நாக்பூர் என்று ஊர்ப் பெயர்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பார்த்த ஊர்கள் என்றால் பழனி, மேட்டூர், ஜேடர்பாளையம். அவ்வளவுதான்.

ஒருமுறை என் மனைவியிடம் சொன்னார்: "நர்மதா பக்கத்துல இருக்கறேன், நர்மதா பக்கத்துல இருக்கறேன்னு வருசம் பூரா சொல்றாருங்கக்கா. அது ஆறுதானா, இல்ல பொம்பளையானு ஒருக்கா போயிப் பாத்துட்டு வரோணும்."

செங்கோடன் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்றையே சொல்வார்: "ரிக்க வித்துப்போட்டு உன்னைய எல்லாப் பக்கமும் கூட்டிட்டுப் போறேன் புள்ள."

"ஆமாமா, கண்ணு தெரியாமப் போனப்பறம் கூட்டிட்டுப் போவீங்க. நல்ல நேரம் போயிரும், வண்டிய எடுங்க."

அவர் எடுத்துவிடுவார். அந்தச் சொல் கேட்டதும் கிளட்ச் மிதித்தே பழகிய கால்.

செங்கோடன் சொன்னதைச் செய்தார். பங்கை விற்றுவிட்டு ஊரோடு வந்தார். எங்கோ ஒரு மில்லின் பின்புறம் புதர் மண்டிக் கிடந்த பழைய மெட்டடோர் வேனை வாங்கினார். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். லாரிக்கு அல்ல, குடியிருக்கிற வண்டிக்குப் பாடி கட்ட வேண்டும் என்றதும் அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். அவர் விடவில்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். சட்டையெல்லாம் மரத்தூளும் பெயின்டுமாக இருக்கும்.

ஒருநாள் பட்டறையிலிருந்து மனைவிக்குப் போன் செய்து, நின்றபடி சமைத்தால் அடுப்பு இடுப்புக்கு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கமலவேணி குள்ளமான உருவம். டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, என் மனைவியை அளக்கச் சொன்னார். மூச்சு வாங்கியது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து நான் என்ன ஒசரம்னு இந்த மனுசனுக்குத் தெரியாதுங்கக்கா. இன்னைக்குத்தான் கேட்டாரு."

அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

ஜன்னல் அளவுகளும் போனிலேயே வந்தன. இளம்பிள்ளைக்குப் போய்ப் பருத்தித் துணி எடுத்து வந்து திரை தைத்தார் கமலவேணி. வண்டியை அவர் பார்க்கவில்லை. பூசை போடாத வண்டியில் வீட்டுப் பெண் ஏறக் கூடாது என்பது செங்கோடனின் வழக்கம். ரிக் ஓட்டிய நாளில் எப்படியோ, அப்படியே.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் பழைய கார்களுக்கும் வீட்டு வேன்களுக்கும் ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. தை மாதக் கடைசி ஞாயிறு, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம். செங்கோடன் பெயர் கொடுத்துவிட்டார். காலையில் பூசை, பகல் முழுக்கக் கண்காட்சி, அங்கிருந்து வீடு திரும்பாமல் ஓமலூர் ரோட்டைப் பிடித்து நேரே வடக்கே போவது என்று ஏற்பாடு. முதலில் நர்மதை. எருமையை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு வந்தார் கமலவேணி. துணிப்பையை அடுக்கிக் கட்டினார். வீட்டுச் சாவியை என் மனைவி கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு முறை வாங்கிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டை ஆளே இல்லாமல் பூட்டுவதாகச் சொன்னார்.

கண்காட்சியைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி கிளம்பியது. கமலவேணி முன்சீட்டில் உட்கார்ந்தார். ஏறுவதற்கு முன் பின்பக்கக் கதவைத் திறந்து பொடி டப்பாக்களை அடுக்கியபோது, அங்கே வண்டியின் பின்புறத்தையே அடுப்படியாக்கி இருந்ததைப் பார்த்து அடுப்பின் விளிம்பைத் தடவினார். வெளியே நின்று சமைக்கிற மாதிரி, கேம்ப் லாரியில் இருக்கிற மாதிரியே. அடுப்பு சரியாக அவர் இடுப்பு உயரம். டப்பாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். மேலே ஒரு நீலத் தார்ப்பாய், பிரிக்காத புதுசு, சுருட்டிக் கட்டியிருந்தது.

"இது எதுக்குங்க, மழைக்கா?"

"கெடக்கட்டும். ஆகும்" என்றார் செங்கோடன்.

மல்லசமுத்திரம் வழியாகப் போகும்போது கமலவேணி வாய் மூடவில்லை. எதிரில் வருகிற லாரிகளையெல்லாம் பார்த்து, "நானும் வாரேன்னு சொல்லுங்க அவிங்ககிட்ட" என்று கணவரைச் சீண்டினார்.

மைதானத்தில் அம்பாசிடர்களும் பத்மினிகளும் கண்ணாடி போல் துடைத்து நின்றன. முகப்பு மழுங்கிய ஒரு ஃபார்கோ லாரி நின்றது. அதன் சொந்தக்காரர் கிட்டே வந்தவர்களை எல்லாம், "தொடாமப் பாருங்க சாமி, தொடாமப் பாருங்க" என்று தொழுதுகொண்டிருந்தார். பழைய பொருளின் மேல் மனிதர்களுக்கு உண்டாகும் இந்தப் பரவசம் எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் கூட்டம் நல்ல கூட்டம்.

எங்கள் வேனுக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. "ஏனுங்க, மசால் பூரி இருக்குதுங்களா?"

செங்கோடன் முகம் சுண்டிப்போனது. "இது கடையில்லீங்க. வீடு."

"வீட்டுல டீயாவது இருக்குங்களா?"

கமலவேணி சிரித்துவிட்டார். "இருங்க, போட்டுத் தாரேன்." அடுப்பைப் பற்ற வைத்தார். அந்த அடுப்பில் வைத்த முதல் பாத்திரம் அதுதான். ஒருவருக்குக் கொடுத்ததும் நாலு பேர் வந்தார்கள். செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டாலும் உள்ளூர அவருக்குப் பெருமைதான்.

பக்கத்தில் கோவையிலிருந்து வந்த வயதான தம்பதியின் வெள்ளை வேன் நின்றது. அந்த அம்மாள் கமலவேணியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். உட்காருகிற சீட்டை இழுத்தால் கட்டில். மேசையைத் தாழ்த்தினால் இன்னொரு கட்டில். "ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டுத்தான் படுக்கணும். சண்டை போட்டா எங்கயும் போக முடியாது" என்றார் அந்த அம்மாள். இரண்டு பெண்களும் சிரித்தது வெளியே கேட்டது.

அங்கிருந்து இறங்கி, தன் வேனின் பக்கக் கதவைத் திறந்து முதல் தடவையாக உள்ளே ஏறினார் கமலவேணி. நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே ஒரு பக்கம் பெர்த், நல்ல மெத்தை, தலைமாட்டில் அவர் தைத்த திரை. குனிந்து அந்தப் பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். கால்மாடு வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு எதிர்ப்பக்கம். அங்கே தண்ணீர்த் தொட்டி, ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் இடம் வெட்டியிருந்தது.

"என்னம்மா தேடறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. அவிங்க வண்டில இழுக்கற மாதிரி இருந்துச்சு. இதுலயும் எங்கியாச்சும் இருக்கும்னு பாத்தேன்."

"இருக்கும். கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன்" என்று இறங்கி, டீயைக் கவனிக்கப் போய்விட்டார். கேட்கவில்லை. கேட்பதற்கு முன் மைக் வந்துவிட்டது.

மைக் பிடித்து வண்டி வண்டியாக வந்தவர் பெயர் சந்தோஷ்குமார். கலகலப்பான ஆள். செங்கோடன் தோளில் கைபோட்டுக்கொண்டார். "இவுரு ஊரு ஊரா தண்ணி எடுத்துக் குடுத்தவருங்க. இப்ப அம்மாவக் கூட்டிக்கிட்டு இந்தியாவச் சுத்தப் போறாரு. ஒரு கை தட்டுங்க!" கூட்டம் தட்டியது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாம் சூப்பருங்க சார். பெட்டு ஒண்ணுதான் தெரியுது. ரெண்டாவது எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

செங்கோடன் தொழில் பேசுகிற குரலில், தயங்காமல் சொன்னார்: "ரிக் லைன்ல எல்லாமே இப்பிடித்தானுங்க. ஓட்டறவனுக்கு மேல பெர்த்து. சமையல்காரரு வண்டிக்கடில தார்ப்பாய விரிச்சு…"

அங்கே நின்றுபோனார். 'விரிச்சு' என்ற சொல் மைதானத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் போய்த் திரும்பியது. கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு அல்ல. நல்ல நகைச்சுவை என்றே நினைத்துக்கொண்டார்கள். "அம்மா, கேட்டீங்களா? உங்களுக்குக் கீழ்வீடாம்!" என்றார் சந்தோஷ்குமார்.

கமலவேணி ஒருவருக்கு டீ நீட்டிக்கொண்டிருந்தார். "சக்கர போதுங்களா?" என்று கேட்டார். போதும் என்றதும் டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

செங்கோடன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், தன் கண் முன்னால், அதிலிருந்து யாரோ எதையோ கழற்றிக்கொண்டு போய்விட்டதைப் போல. தன் கையால் கட்டியது. ஸ்டெப்னிக்கு இடம் விட்டவர். மனைவியின் இடுப்பு உயரத்தைக் கேட்டு அடுப்பு வைத்தவர். நின்று சமைக்கிற கமலவேணியை அவர் அங்குலம் பிசகாமல் யோசித்திருக்கிறார். சமைத்து முடித்த பிறகு அவர் என்ன ஆவார் என்ற இடத்தில் மனசுக்குள் எதுவுமே இல்லை. கேம்ப்பில் எப்போதும் என்ன இருந்ததோ அது இருந்தது. நீலத் தார்ப்பாய்.

சாயங்காலம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கி வந்து வண்டியின் மறைவில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கமலவேணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன் புள்ள."

"மறக்கறதுக்கு என்ன இருக்குதுங்க. பாத்திரமெல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் வாங்கி வெச்சிருக்கறீங்க."

"ஒரு வாரத்துல மாத்திப்போடறேன். பட்டறைக்காரன்கிட்டச் சொன்னா…"

"சொல்லுங்க."

"நீ மேல படுத்துக்க. நான் கீழ படுத்துக்கறேன். இன்னைக்கே கெளம்பலாம்."

"வேண்டாங்க. உங்களுக்கு இடுப்பு வலி."

இதில் கமலவேணியின் குரல் உயர்ந்திருந்தால் செங்கோடனுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வண்டி ஓமலூர்ப் பக்கம் திரும்பவில்லை. வந்த வழியே மல்லசமுத்திரம் வழியாகத் திரும்பி வந்தோம். எதிரே லாரிகள் வந்துகொண்டே இருந்தன. என் மனைவி சாவியை எடுத்து வந்து நீட்டியபோது ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

மறுநாளே செங்கோடன் வேனை நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். தண்ணீர்த் தொட்டியைக் கூரைக்கு ஏற்றினார், ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டினார். அந்த இடத்தில் இரண்டாவது பெர்த் வந்தது. முதலாவதைவிட அகலம். ஜன்னல் பக்கம். படுத்தபடியே வெளியே பார்க்கலாம். கால்மாட்டில் சேலை வைக்க ஓர் அறை. தன்னுடைய பெர்த்தை ஒரு சாண் குறுக்கிவிட்டார். வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"எப்பிடி இருக்குது மாப்ள?" என்று என்னைக் கேட்டார். அவர் கண் என் மேல் இல்லை.

கமலவேணி ஏறிப் பார்த்தார். மெத்தையை அழுத்தினார், ஜன்னலைத் திறந்து மூடினார். மெத்தையைத் தூக்கி அடியில் இருந்த கீலைக்கூடத் தொட்டார். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. செங்கோடனின் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

மறுபடி நாள் பார்த்தார்கள். மறுபடி எருமை அண்ணன் வீட்டுக்குப் போனது. பூசை, எலுமிச்சம்பழம் எல்லாம் மறுபடி. அதற்கு முந்தின நாட்களில் தெருவே தும்மியது. பொடி டப்பாக்களைப் பின்பக்கம் அடுக்கினார் கமலவேணி. மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வாசலில் வைத்தார். பிறகு தன் துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக உள்ளே போனார். தன் பெர்த்தில் விரிப்பை விரித்து, மூலை நான்கையும் இழுத்துச் செருகினார். தலையணையை வைத்தார். சேலைகளை எடுத்துக் கால்மாட்டு அறையில் அடுக்கினார். செங்கோடன் முன்னால் ஏறி என்ஜினை ஓடவிட்டு, பக்கத்துச் சீட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். வீட்டுச் சாவி ஏற்கனவே என் மனைவி கையில் இருந்தது.

கமலவேணி இறங்கினார். கதவை வெளியிலிருந்து சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"பாத்துப் போங்க. போயிச் சேந்ததும் போன் பண்ணுங்க."

செங்கோடன் அவரைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது, என்ஜின் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கமலவேணிக்குக் கேட்டிருக்கும். அவர் ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துக் கீழே போட்டார்.

"நல்ல நேரம் போயிரும். வண்டிய எடுங்க."

வெகுநேரம் வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது. தெருமுனை திரும்பும்போது, இளம்பிள்ளைத் துணித் திரை ஜன்னலுக்கு வெளியே வந்து ஒரு தடவை படபடத்துவிட்டு உள்ளே போனது.

கமலவேணி என் மனைவியிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்கக்கா." ஏன் போகவில்லை என்று அன்றும் கேட்டாள் என் மனைவி, பிறகும் கேட்டாள். மகள் கோபியிலிருந்து வந்து அழுதுகொண்டே கேட்டாள். "மைக்குக்காரரு கேட்டப்பறம் வந்த பெர்த்துங்க அது" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். அன்று பூட்டைத் திறந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்து வெளியே வந்து, வாசலில் கிடந்த தார்ப்பாயை எடுத்து உதறினார். அதை வெயிலில் விரித்து, சாக்கிலிருந்து மிளகாயைக் கொட்டி, கையால் பரப்பிவிட ஆரம்பித்தார்.